மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது?

கேள்வி: "சேலத்தில் மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். லீவில் இரண்டு வாரம் ஓர் ஆர்த்தோ சர்ஜன் கூடவே இருந்து மூட்டு மாற்று ஆபரேஷன்களைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. வருகிற திங்கள்கிழமை ஆரம்பம். இதுவரை ஓ.டி.க்குள் காலே வைத்ததில்லை. என்ன படித்துவிட்டுப் போகணும், எங்கே நிற்கணும், எதைக் கவனிக்கணும்? மயக்கம் போட்டு விழுந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது."

தம்பி, நல்ல வாய்ப்பு இது. சேலத்தில் மூட்டு மாற்று சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில், என்னோடு நின்று பார்த்துவிட்டுப் போன மாணவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். முதல் நாள் முடிந்து வெளியே வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் சொல்வது, "சார், தச்சு வேலை மாதிரியே இருக்கு" என்பதுதான். ரம்பம் ஓடுகிறது, டிரில் சுற்றுகிறது, சுத்தியல் அடி விழுகிறது. கண்ணும் காதும் அங்கேயே போய்விடுகின்றன. ஆனால் எலும்பை எங்கே, எந்தக் கோணத்தில் வெட்டுவது என்பதை ஜிக் என்கிற வழிகாட்டிக் கட்டை தீர்மானித்துவிடும். அதைச் சரியாகப் பொருத்திவிட்டால் ரம்பம் அது காட்டுகிற வழியில்தான் போகும். கஷ்டமான வேலை ரம்பத்தைக் கீழே வைத்த பிறகு ஆரம்பிக்கிறது. எலும்பையும் எலும்பையும் இணைக்கிற நார்களான உள்பக்க லிகமென்ட்டும் வெளிப்பக்க லிகமென்ட்டும் ஒரே இழுவையில் இருக்கின்றனவா, கால் நீட்டியிருக்கும்போது இருக்கிற இறுக்கம் மடக்கும்போதும் இருக்கிறதா என்று சர்ஜன் கையால் அசைத்துப் பார்த்து முடிவெடுக்கிற நிமிடங்கள் அவை. அப்போது சத்தமே இருக்காது. அந்த நிமிடங்களைப் பார்க்கத்தான் இரண்டு வாரமும் போகிறீர்கள்.

அதற்கு முன்னால் ஓ.பி.யைப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஆபரேஷனுக்கு முந்தின நாளே சர்ஜனின் ஓ.பி.யிலோ வார்டிலோ போய் நில்லுங்கள். நோயாளி கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள் பாதி விஷயம் தெரிந்துவிடும். நம் பக்கத்தில் வருகிற முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் உள்பக்கத் தேய்மானம். கால் வில் மாதிரி வெளியே வளைந்திருக்கும். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் சட்டென்று வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், உள்பக்கம் சுருங்கி, வெளிப்பக்கம் தளர்ந்துபோன ஒரு மூட்டை நாளைக்குத் திறக்கப்போகிறார்கள் என்று இன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்தது எக்ஸ்ரே. நின்றபடி எடுத்த படமா, படுத்தபடி எடுத்த படமா என்று முதலில் பாருங்கள். படுத்து எடுத்த படத்தில் மூட்டுக்குள் கொஞ்சம் இடைவெளி இருப்பதுபோலத் தெரியும். அதே கால் உடம்பு எடையைத் தாங்கி நிற்கும்போது எலும்பும் எலும்பும் முட்டிக்கொண்டிருக்கும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலையும் நிற்கவைத்து எடுத்த படம் இருந்தால் ஸ்கேலும் பென்சிலும் கேட்டு வாங்குங்கள். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு கோடு. நேரான காலில் அது முழங்காலின் நடுப்பகுதி வழியாகப் போகும். வளைந்த காலில் எவ்வளவு உள்ளே தள்ளிப் போகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

நோயாளியிடம் வலியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். "ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" என்று நீங்கள் கேளுங்கள். சேலத்தில் இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் தனி ரகம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் சின்ன வயதிலிருந்தே சம்மணம் போட்டுக் கொலுசு வேலை செய்த அம்மா ஒருவர் என்னிடம், "மறுபடி மணையில உட்கார்ந்து பத்த வைக்கலாமுங்களா டாக்டர்?" என்று கேட்டார். சமதரையில் நடக்க முழங்கால் 70 டிகிரி அளவு மடங்கினால் போதும். படி ஏற இறங்க 90லிருந்து 100 வரை வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்க 105 அளவு. குத்துக்காலிட்டு உட்கார 130க்கு மேல் வேண்டும். சம்மணத்துக்கு மடக்கினால் மட்டும் போதாது, முறுக்கலும் சேர்ந்துகொள்கிறது. மாற்றிய மூட்டில் பலருக்கு 110, 120 வரை வருகிறது. அதற்கு மேல் மடங்கினாலும் தினமும் தரையில் உட்காரச் சொல்லி நாங்கள் அனுப்புவதில்லை, உள்ளே இருக்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். அந்த அம்மாவுக்கு மேசையும் ஸ்டூலும் போட்டு வேலை செய்ய முடியுமா என்று பட்டறைக்காரரான மகனோடு பேசி முடிவான பிறகுதான் தேதி குறித்தோம். ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர் கேட்பது வேறு: சரிவில் இறங்கலாமா, கூடை தூக்கலாமா? அம்மாபேட்டை, குகைப் பக்கம் குழித்தறியில் உட்காருகிறவருக்குக் கால் பள்ளத்தில் தொங்குவதால் மடக்கும் அளவு பெரிய பிரச்சினை இல்லை, குழிக்குள் இறங்கி ஏறுவதுதான் பிரச்சினை. இதையெல்லாம் காதால் கேட்டுவிட்டு ஓ.டி.க்குள் போனால், சர்ஜன் அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏன் மெனக்கெடுகிறார் என்பது புரியும்.

படிப்பு என்று பார்த்தால் ஒரு சாயங்காலம் போதும். முழங்காலின் உள்பக்க, வெளிப்பக்க லிகமென்ட்டுகள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன, குறுக்கு லிகமென்ட்டுகள் இரண்டும் எப்படிப் போகின்றன, மூட்டுக்குப் பின்னால் பாப்லிட்டியல் ரத்தக் குழாய் எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது, இவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் வரைந்து பாருங்கள். வரைய வந்தால் தயார்.

இப்போது ஓ.டி. ஒழுங்கு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். செயற்கை மூட்டு வைக்கிற யோசனை பழையது. 1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தில் கீல் செய்து முழங்காலுக்குள் வைத்தார். அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் காசநோயால் அழிந்த மூட்டுகள். சீழ் பிடித்து முயற்சி தோற்றது. 1960களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றத்தை நிலைநிறுத்தியபோதும் அவரைத் தூங்கவிடாமல் செய்தது தொற்றுதான். ஆபரேஷன் நடக்கிற இடத்துக்கு மட்டும் வடிகட்டிய காற்று வருகிற மாதிரி தனி அறை கட்டினார், சர்ஜன் விடுகிற மூச்சைக் குழாய் வழியாக வெளியே இழுக்கிற உடையை உருவாக்கினார். நூற்றில் பல பேருக்கு வந்துகொண்டிருந்த தொற்றை நூற்றில் ஒருவருக்கும் கீழே கொண்டுவந்தார். இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போகிற லேமினார் ஃப்ளோ ஓ.டி. அந்த வழியில் வந்ததுதான். உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன்மேல் கிருமி ஒட்டிப் படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேராது. சில நேரம் மூட்டையே கழற்றி எடுத்து, மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து, இரண்டாவது மூட்டு வைக்க வேண்டியிருக்கும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள், கதவு எத்தனை முறை திறக்கிறது என்பதைப் பொறுத்து காற்றில் கிருமி கூடும். அந்த எண்ணிக்கையில் நீங்களும் ஒருவர். அதனால் பாத்ரூம் போய்விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள். போனால் ஒரு கேஸ் முடிகிற வரை வெளியே வராதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் போய் நிற்க வேண்டியது சர்ஜன் முன்னால் இல்லை, ஓ.டி. சிஸ்டர் முன்னால். பெயரைச் சொல்லி, "சிஸ்டர், நான் எங்க நிக்கட்டும்?" என்று கேளுங்கள். அவர் காட்டிய இடத்தை விட்டு நகராதீர்கள். பெரும்பாலும் தலைமாட்டில், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரான அனஸ்தெடிஸ்ட் பக்கத்தில் ஒரு படி ஸ்டூல் போட்டு நிற்கச் சொல்வார்கள். முழங்கால் ஆபரேஷனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, மேலேயிருந்து முழு மூட்டும் தெரியும். பச்சை அல்லது நீலத் துணி விரித்த எதுவாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு அடி தள்ளியே இருங்கள். இரண்டு டிராலிகளுக்கு நடுவில் புகுந்து போகாதீர்கள். நகர வேண்டியிருந்தால் கிருமி நீக்கிய ஸ்டெரைல் பக்கத்தைப் பார்த்தபடியே நகருங்கள், முதுகு காட்டாதீர்கள். கையை மார்புக்கு முன்னால் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம். மோதிரம், வாட்ச், கையில் கட்டியிருக்கிற கறுப்புக் கயிறு, கோயில் கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். கயிற்றை அவிழ்க்க மனசு வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் முழங்கைக்குக் கீழே நூல் இருந்தால் ஸ்கிரப், அதாவது ஆபரேஷனுக்காகக் கை கழுவுவது, முடியாது, அதில் விலக்கே கிடையாது. தலைமுடி ஒன்றுகூட தொப்பிக்கு வெளியே தெரியக்கூடாது. தப்பித்தவறி எதையாவது தொட்டுவிட்டால் அந்த நொடியே சொல்லிவிடுங்கள். துணியை மாற்றிக்கொள்வார்கள், கவுனை மாற்றிக்கொள்வார்கள், இரண்டு நிமிட வேலை. சொல்லாமல் விட்டால் அது அந்த நோயாளியின் காலுக்குள் போகிற விஷயம்.

மயக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மயக்கம் வருவது பலவீனம் இல்லை, முதல் முறை நிற்கிற பலருக்கு வருவதுதான். பலரும் ரத்தத்தைப் பார்த்துத்தான் வரும் என்று நினைக்கிறார்கள். தொடையில் டோர்னிகே என்கிற, ரத்த ஓட்டத்தை நிறுத்துகிற பட்டையைக் கட்டிச் செய்கிற முழங்கால் ஆபரேஷனில் ரத்தமே அதிகம் தெரியாது. வெறும் வயிறு, முகமூடிக்குள் வெப்பம், முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது, டயதர்மி என்கிற மின்சாரக் கருவி சதையைச் சுடும்போது வருகிற கருகல் வாசனை, இவைதான் சேர்ந்து தள்ளிவிடும். காலையில் நாலு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நிற்கும்போது கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்திக்கொண்டே இருங்கள். காது அடைத்து, கண் மங்கி, வேர்த்தால் "உட்காருகிறேன்" என்று சொல்லிவிட்டு, டேபிளைவிட்டுப் பின்னால் போய்ச் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். வெளியே நடந்து போகப் பார்க்காதீர்கள், வழியில் விழுவீர்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். மறுபடி எழுந்து நிற்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், இது மாணவர்கள் பலருக்கும் உள்ளே போகிற வரை தெரிவதில்லை. முழங்கால் மாற்று பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, ஸ்பைனலில் செய்கிறார்கள். இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும். லேசான தூக்க மருந்து கொடுத்திருந்தாலும் துணித் திரைக்கு இந்தப் பக்கம் நோயாளிக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம். சுத்தியல் அடி விழும்போது வலி தெரியாது, ஆனால் உடம்பு குலுங்குவது தெரியும். "அது என்னுங்க சத்தம்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டி கேட்பார். அனஸ்தெடிஸ்ட் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புது மூட்டைப் பொருத்தறாங்க பாட்டி, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்பார். நீங்கள் தலைமாட்டில் நிற்பதால் அந்த முகத்துக்கு மிக அருகில் இருக்கிறவரும் நீங்கள்தான். அங்கே ஐயோ என்றோ, எலும்பைப் பார்த்து அடேயப்பா என்றோ ஒரு சொல் வரக்கூடாது. முந்தின நாள் அறிமுகம் செய்துகொண்டிருந்தீர்கள் என்றால், ஊசி போடும் நேரத்தில் "நேத்து வந்தேனே பாட்டி, நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய ஆறுதல்.

தோலைக் கீறுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்தி, பெயர், எந்தக் கால், என்ன ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா என்று சத்தமாகச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலின் பகுதி அது. அந்த ஆன்டிபயாட்டிக் கீறலுக்கு ஒரு மணி நேரத்துக்குள், டோர்னிகே ஏற்றுவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். ரத்த ஓட்டத்தை நிறுத்திய பிறகு போட்டால் மருந்து முழங்காலுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அனஸ்தெடிஸ்ட் எத்தனை மணிக்குப் போட்டார் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

மூட்டைத் திறந்ததும் முழங்கால் சில்லை வெளிப்பக்கம் ஒதுக்குவார்கள். ஓரங்களில் வளர்ந்த முள் எலும்புகளை எடுப்பார்கள். உள்பக்கம் இருக்கிற முள் எலும்பு, கூடாரத்துணியைக் கம்பு தூக்கிப் பிடிப்பதுபோல லிகமென்ட்டைத் தூக்கி இறுக்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்ததுமே வளைந்த கால் கொஞ்சம் நிமிரும். இதைத் தவறவிடாதீர்கள். பிறகு ஃபீமர் என்கிற தொடை எலும்புக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதை வைத்து 5லிருந்து 7 டிகிரிக்குள் ஒரு கோணத்தில் அடிப்பக்கத்தை வெட்டுவார்கள். டிபியா என்கிற கீழ்க்கால் எலும்பை அதன் நீள அச்சுக்கு செங்குத்தாக வெட்டுவார்கள். வெட்டி எடுத்த டிபியா வில்லையை சிஸ்டர் டிரேயில் வைப்பார். கேஸ் முடிந்ததும் கையுறை போட்டுக்கொண்டு அதைப் பார்க்க அனுமதி கேளுங்கள். இரண்டு வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற மிகச் சிறந்த பாடம் அந்த வில்லைதான். வெளிப்பக்கம் 8, 10 மில்லிமீட்டர் கனமாக, மேலே வெள்ளைக் குருத்தெலும்போடு இருக்கும். உள்பக்கம் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. குருத்தெலும்பு மொத்தமும் போய், எலும்பே தேய்த்துத் தேய்த்து வழவழவென்று தந்தம்போல மின்னும். விரலால் தடவினால் கோடு கோடாகப் பள்ளம் தட்டுப்படும். நேற்று ஓ.பி.யில் வெளியே தள்ளி நடந்த அந்த நடை இந்த வில்லையில் அப்படியே இருக்கும்.

இனி அந்தச் சத்தமில்லாத நேரம். காலை நீட்டி வைத்து இடைவெளிக்குள் ஒரு அளவுக் கட்டையைச் செருகுவார்கள், 90 டிகிரி மடக்கி மறுபடி செருகுவார்கள். இரண்டு நிலையிலும் இடைவெளி ஒரே உயரத்தில், நீள்சதுரமாக இருக்க வேண்டும். சரிவகமாக இருந்தால் ஒரு பக்கம் இறுக்கம் என்று அர்த்தம். நீட்டும்போதும் மடக்கும்போதும் இரண்டிலுமே இறுக்கம் என்றால் டிபியாவில் இன்னும் கொஞ்சம் வெட்டலாம். நீட்டும்போது மட்டும் இறுக்கம் என்றால் மூட்டின் பின்பக்க உறையைத் தளர்த்தவோ ஃபீமரின் அடியில் கொஞ்சம் கூட்டி வெட்டவோ வேண்டும். மடக்கும்போது மட்டும் இறுக்கம் என்றால் ஃபீமர் பாகத்தின் சைஸைக் குறைக்கலாமா என்று யோசிப்பார்கள். இந்தக் கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டு, சர்ஜன் அடுத்து என்ன செய்வார் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். இரண்டு பாகங்களுக்கும் நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் எந்தக் கனம் கேட்பார், மில்லிமீட்டரில் 9ஆ, 11ஆ, 13ஆ என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். முதல் சில கேஸ்களில் தப்பாகத்தான் வரும். இரண்டாவது வாரம் பாதிக்கு மேல் சரியாக வர ஆரம்பித்தால் நீங்கள் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

அளவு பார்க்கிற தற்காலிக டிரையல் பாகங்களைப் போட்ட பிறகு சர்ஜன் ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக் காலைத் தூக்குவார். தன் எடையிலேயே கால் முழுக்க நீளுகிறதா என்று பார்ப்பார். பிறகு மெதுவாக மடக்குவார். அப்போது அவருடைய கட்டைவிரலைப் பாருங்கள். சில்லைப் பிடிக்காமல் விரலை எடுத்துவிடுவார். விரல் இல்லாமலே சில்லு தன் பள்ளத்தில் ஓடினால் முகம் தளரும். வெளிப்பக்கம் ஏறிக்கொண்டால் மறுபடி ஆராய்ச்சி ஆரம்பம். உள்பக்கமும் வெளிப்பக்கமும் காலை லேசாக நெம்பி, எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று பார்ப்பார். இப்போது ரோபோ வைத்துச் செய்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே இந்த மில்லிமீட்டர் திரையில் எண்ணாக வரும், வெட்டு துல்லியமாக இருக்கும். எவ்வளவு தளர்வு இந்த நோயாளிக்குச் சரி என்று முடிவு செய்கிறவர் அங்கேயும் சர்ஜன்தான்.

செயற்கை மூட்டை எலும்பில் பிடிக்கவைக்கிற சிமென்ட்டைக் கலக்கும்போது ஒரு காரமான வாசனை வரும், கண் எரியலாம். பவுடரும் திரவமும் சேர்ந்த நொடியில் சிஸ்டர் நேரம் சொல்வார். அந்த நிமிடத்திலிருந்து ஓ.டி.யில் யாரும் பேச மாட்டார்கள், நீங்களும் எதுவும் கேட்காதீர்கள். முதலில் கையுறையில் ஒட்டும். ஒட்டாமல் மாவுப் பதம் வந்ததும் எலும்பில் அழுத்திப் பூசி, பாகங்களை ஏற்றி, பிதுங்கி வருகிற சிமென்ட்டைச் சுரண்டி எடுத்து, காலை நீட்டி அசையாமல் பிடித்துக்கொள்வார்கள். முழுக்க இறுக 10லிருந்து 15 நிமிடம் ஆகும். ஏ.சி. குளிர் அதிகமாக இருந்தால் இன்னும் தாமதமாகும். மிச்சமான சிமென்ட்டை ஒரு உருண்டையாக சிஸ்டர் தனியே வைத்திருப்பார். இறுகும் நேரத்தில் அது கையில் வைக்க முடியாத அளவு கொதிக்கும். இறுகுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு உருண்டை கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சூடு ஏறியதும் கீழே வைத்துவிடுங்கள். எலும்புக்குள்ளும் சிமென்ட் சூடாகிறது என்பது மறக்காது. சிமென்ட் போடும் நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், இடுப்பு மூட்டு ஆபரேஷனில் அது அதிகம். அதனால் அந்த நிமிடங்களில் மானிட்டரையும் ஒரு கண் பாருங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றம் பார்க்கக் கிடைத்தால் சுருக்கமாக இரண்டு விஷயம். வருகிறவர்கள் வேறு. தொடை எலும்பின் பந்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று உருக்குலைந்துபோன 30, 40 வயது ஆண்கள் நிறைய வருவார்கள். குடியும் ஸ்டீராய்டும் அதற்குப் பெரிய காரணங்கள். ஸ்டீராய்டு கலந்ததோ என்று சந்தேகப்படும்படியான பவுடரோ மாத்திரையோ சாப்பிட்ட வரலாறு இருக்கிறதா என்று கேளுங்கள். கீழே விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து வருகிற வயதானவர்களுக்குப் பல நேரம் பாதி மூட்டு மட்டும் மாற்றுவார்கள். இரண்டாவது, காது. செயற்கை மூட்டின் சிமென்ட் இல்லாத தண்டை ஃபீமருக்குள் அடிக்கும்போது சுத்தியல் சத்தத்தின் சுருதி மாறும். மொத்தையாக இருந்த சத்தம் தண்டு கெட்டியாகப் பிடித்ததும் மேலே ஏறி, கணீரென்று வரும். அதற்கு மேல் அடித்தால் எலும்பு விரிசல் விடலாம், அதனால் சர்ஜன் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பார். பிறகு இரண்டு காலும் ஒரே நீளமா, எந்த நிலையில் பந்து கழன்று வரப்பார்க்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கையைக் கழுவிக்கொண்டு சதையை ஒதுக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டரைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். எந்தக் கோணத்தில் கொடுத்தார்களோ அதே கோணம், அதே பலம். நன்றாகத் தெரியட்டும் என்று கூடுதலாக இழுக்காதீர்கள், டிபியாவுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று வரைந்து பார்த்தீர்களே, அதற்காகத்தான். கேள்விகளை நோட்டில் குறித்துவைத்து, தையல் போடும்போதோ அடுத்த கேஸுக்கு நடுவில் டீ குடிக்கும்போதோ கேளுங்கள். நோட்டில் நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர் வேண்டாம். "68 வயது, இரண்டு முழங்காலும் வளைவு, வலது கால்" என்று எழுதினால் போதும். போனை லாக்கரில் வைத்துவிடுங்கள். எக்ஸ்ரேயைக்கூடப் படம் எடுக்கக் கூடாது, எவ்வளவு நெருங்கிய நண்பர் கேட்டாலும்.

மூட்டுப் பெட்டிகளில் இருந்து ஸ்டிக்கர்களை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவதைப் பார்ப்பீர்கள். எந்தக் கம்பெனி, எந்த சைஸ், எந்த பேட்ச் என்று நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் தேடிக் கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். வெளியே காத்திருக்கிற குடும்பத்துக்கு அதன் விலையும் பெரிய விஷயம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு உச்சவரம்பு வைத்து, கோபால்ட் குரோம் மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தபோது விலை ஒரே நாளில் பாதிக்கும் கீழே வந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். திட்டத்துக்கான காகித வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் காப்பீட்டு கவுன்ட்டரில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், ஹவுஸ் சர்ஜன் ஆகும்போது கை கொடுக்கும்.

ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். சாயங்காலம் வார்டுக்குப் போய், பாதத்தில் நாடி தெரிகிறதா, கட்டைவிரலை மேலே தூக்க முடிகிறதா என்று டியூட்டி டாக்டர் பார்ப்பதைப் பாருங்கள். அன்றைக்கே அல்லது மறுநாள் வாக்கர் பிடித்து எழுப்புவார்கள். முதல் அடி வைக்கும்போது கூட இருங்கள். ஸ்பைனல் மரப்பும் ஆரம்ப மருந்தும் இறங்கிய பிறகு, இரண்டாம் நாள்தான் பலருக்கு வலி அதிகம். "ஏன்டா பண்ணிக்கிட்டோம்னு இருக்குதுங்க" என்று அன்றைக்குச் சொல்வார்கள். அதே நேரத்தில் பிசியோதெரபிஸ்ட் வந்து மடக்கச் சொல்வார். ஓ.டி.யில் டிரையல் போட்டபோது 125 டிகிரி மடங்கிய கால் அன்றைக்கு 70க்கே திணறுவதைப் பார்த்தால், பிசியோதெரபி இல்லாவிட்டால் எங்கள் வேலை பாதியில் நிற்கிறது என்பது தெரியும். உங்கள் முதல் வாரத்து நோயாளிகளுக்கு இரண்டாவது வாரக் கடைசியில் தையல் பிரிக்க நாள் வரும். ஒருவரையாவது ஓ.பி. நடையில் ஆரம்பித்துத் தையல் பிரிக்கிற வரை விடாமல் தொடருங்கள். பத்து கேஸ்களை அரைகுறையாகப் பார்ப்பதற்கு பதிலாக அதைச் செய்யத்தான் சொல்வேன்.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா என்று கல்லூரி ரெக்கார்டைத் தேடி எடுங்கள். விட்டுப்போயிருந்தால் திங்கள்கிழமைக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டு, சர்ஜனிடமும் சொல்லிவிடுங்கள். மூன்றும் முடிகிற வரை ஸ்கிரப் செய்ய வேண்டாம், ஸ்டூல்மேல் நின்று பார்த்தால் போதும். ஊசியோ எலும்பு முனையோ குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது.